நான் அப்படிச் சொல்லவில்லையே!



நம் இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கும் சாக்குகள் இரண்டு உண்டு. "கோபத்தில் ஏதோ ஒரு வார்த்தை வந்துவிட்டது, அதைப் போய் மனத்தில் வைத்துக்கொள்வார்களா?" என்பது ஒன்று. "நான் அப்படிச் செய்யச் சொல்லவே இல்லையே!" என்பது மற்றொன்று. முதற் சாக்கு, நம் சொல்லால் புண்பட்டவரிடம் கூறப்படுவது. இரண்டாவது, நம் சொல்லைப் பக்கத்தில் இருந்து கேட்ட ஒருவர் அதைச் செயலாக்கி முடித்துவிட்ட பிறகு, நெஞ்சு பதைக்கக் கூறப்படுவது. முதலாவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. மறையுரைகளிலும் கேட்டுப் பழகியிருக்கிறோம். எனவே இம்மாதம் இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். யோசித்துப் பேசவேண்டும் என்று சொல்லும்போது, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரை மட்டுமே நம்மில் பலர் எண்ணிப் பார்க்கிறோம். நம் குரல் எட்டும் தூரத்தில் அமர்ந்திருப்பவர்களை எண்ணுவதே இல்லை.

இந்த இரண்டாம் சாக்கை ஓர் அரசன் நற்செய்தி நூலின்மீது கைவைத்து, ஆணையிட்டுச் சொல்ல நேர்ந்தது. அவன் இங்கிலாந்தின் மன்னன் இரண்டாம் ஹென்றி.

ஹென்றி 1154ஆம் ஆண்டு அரியணை ஏறியபோது அவனுக்கு வயது 21. இங்கிலாந்தோடு, பிரான்சு நாட்டின் மேற்கே பெரும் நிலப்பரப்பும் அவன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஓய்வறியாத உழைப்பாளி. நீதிமன்றங்கள் ஒழுங்குபெற அவன் செய்தவற்றை ஆங்கிலச் சட்ட வரலாறு பயில்வோர் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் அவனுடைய சினமும் அதே அளவுக்குப் பெயர்பெற்றது. 1166ஆம் ஆண்டு கான் நகரில், ஸ்காத்லாந்து அரசனுக்கு ஆதரவாகத் தன் அவையினன் ஒருவன் பேசினான் என்பதற்காகத் தலைக்குல்லாயைக் கழற்றி எறிந்து, உடையைக் களைந்து, விரிப்பை இழுத்துப் போட்டு, வைக்கோலைக் கடித்து மென்றான் என்று அக்காலத்துக் கடிதம் ஒன்று கூறுகிறது. இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மன்னனைச் சூழ்ந்திருந்தவர்கள் அவன் சினத்தைக் கண்டு பழகியவர்கள். காலையில் கொதித்துப் பின்னர்த் தணியும் இயல்பினன் என்று அறிந்தவர்கள். "என் சுபாவம் எல்லாருக்கும் தெரியும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்" என்று சொல்லிக்கொள்வோர் இதனைக் கவனிக்கட்டும்.

தாமஸ் பெக்கெட் இலண்டன் வணிகர் ஒருவரின் மகன். 1155இல் அரச முத்திரையைக் காக்கும் உயர் அமைச்சரானார். விரைவில் மன்னனின் உயிர்த்தோழருமானார். வேட்டையிலும் விருந்திலும் இருவரும் இணைபிரியாதிருந்தனர். மன்னன் தன் மூத்த மகனையே அவர் இல்லத்தில் வளரவிட்டான் என்றால் அந்நட்பின் ஆழத்தை உணரலாம். 1162ஆம் ஆண்டு கான்டர்பரி பேராயர் பதவிக்கும் அவரையே ஹென்றி முன்னிறுத்தினான். தாமஸ் ஜூன் 2ஆம் நாள் குருப்பட்டம் பெற்று மறுநாளே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தன் நண்பர் அந்த இருக்கையிலும் தன் சொற்படி நடப்பார் என்பது மன்னனின் கணக்கு. அது பொய்த்தது.

பூசல் பல பொருள்களைப் பற்றியது. அவற்றுள் தலையாயது, குற்றம் புரிந்த குருக்களை அரசனின் மன்றம் தண்டிக்கலாமா என்பது. மன்னன் பக்கமும் நியாயம் சிறிதும் இல்லை என்று கூறிவிட முடியாது. திருச்சபையின் உரிமை அவன் விருப்பப்படி தேய்ந்து போகாமல் ஒருவர் எதிர்த்து நின்றாக வேண்டும் என்பதையும் மறுக்கமுடியாது. அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்கப்போவதில்லை. 1164 நவம்பரில் பேராயர் கடல் கடந்து பிரான்சுக்குத் தப்பிச் சென்று, பொந்தீஞி மடத்திலும் பின்னர்ச் சான்ஸ் நகரிலுமாக ஆறு ஆண்டுகள் நாடிழந்து வாழ்ந்தார் என்பதையும், 1170 ஜூலையில் இருவரும் ஒருவாறு சமாதானமாயினர் என்பதையும் அறிந்தால் போதும்.

அந்தச் சமாதானத்திற்குச் சில வாரங்கள் முன்னரே மற்றொரு நிகழ்ச்சி நடந்திருந்தது. மன்னன் தன் மகனுக்கு இளவரசாக முடிசூட்டும் சடங்கை, கான்டர்பரி பேராயருக்கே உரிய அந்தச் சடங்கை, யார்க் பேராயரையும் வேறு ஆயர்களையும் கொண்டு நடத்திவிட்டான். தாமஸ் இங்கிலாந்து திரும்பும் தறுவாயில், அதில் பங்குகொண்ட மூன்று பேர்மீது திருச்சபைத் தண்டனை விதிக்கும் கடிதங்களை முன்னதாக அனுப்பினார். டிசம்பர் முதல் நாள் அவர் கரையிறங்கினார். தண்டனை பெற்ற மூவரோ கடல் கடந்து மன்னனிடம் முறையிடப் போனார்கள்.

மன்னன் அப்போது நார்மண்டியில், பாயே நகருக்கு அருகில் பூர் என்னும் வேட்டை மாளிகையில் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடிக்கொண்டிருந்தான். விருந்துக் கூடம் நிறையப் பிரபுக்கள், வீரர்கள், பணியாளர்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே மூவரின் குற்றச்சாட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுந்தன. ஹென்றி வெடித்தான்.

அவன் சொன்னது என்ன? இன்று நாடகங்களிலும் திரைப்படங்களிலும் வழங்கும் வாசகம், இந்தத் தொல்லைபிடித்த குருவிடமிருந்து என்னை விடுவிப்பார் ஒருவருமில்லையா என்ற பொருள் தருவது. அது பிற்காலத்தார் சுருக்கி அமைத்துக்கொண்ட வாசகம். பேராயர் கொலையுண்டபோது அவர் அருகில் நின்று, தன் கையிலும் வெட்டு வாங்கிய எட்வர்ட் கிரிம் என்ற குரு எழுதிவைத்த வரலாற்றில், மன்னனின் பேச்சு வேறு வகையாகக் காணப்படுகிறது. அதன்படி மன்னன் சினந்துகொண்டது தாமசைக் காட்டிலும், தன் கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் மீதுதான். எத்தகைய பயனற்றவர்களை, நன்றியற்றவர்களை வளர்த்து வைத்திருக்கிறேன், தாழ்ந்த குடியிற் பிறந்த ஒரு குரு தங்கள் தலைவனை இவ்வாறு இழிவுபடுத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்களே என்னும் போக்கில் அந்தப் பேச்சு அமைந்தது.

வாசகர்கள் சற்று நின்று இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கொல் என்ற சொல் அதில் இல்லை. பிடித்து வாருங்கள் என்பதுகூட இல்லை. தாமசை என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருப்பதெல்லாம், சுற்றியிருப்பவர்களின் விசுவாசத்தைப் பற்றிய ஏளனமே. கட்டளை ஒன்று பிறந்திருந்தால் யாரேனும் அதன் எல்லையைக் கேட்டிருப்பார்கள்: கைது செய்வதா, நாடுகடத்துவதா, எத்தனை ஆட்களோடு போவது என்று. ஏளனத்துக்கு எல்லை கிடையாது. தன் விசுவாசத்தை மெய்ப்பிக்கவேண்டும் என்ற வெறி ஒருவனுக்கு ஏறிவிட்டால் எவ்வளவு செய்தால் போதும் என்பதை அவனே தீர்மானித்துக்கொள்கிறான்.

நான்கு பேர் அவ்வாறு தீர்மானித்தார்கள். ரெஜினால்ட் ஃபிட்ஸ்அர்ஸ், ஹியூ டி மார்வில், வில்லியம் டி டிரேசி, ரிச்சர்ட் லே பிரெட்டன் என்பன அவர்கள் பெயர்கள். எல்லாரும் மதிப்புள்ள குடும்பத்து வீரர்கள்; கொள்ளைக்காரர்கள் அல்லர். ஒருவரிடமும் சொல்லாமல் கூடத்தை விட்டு நழுவி, குளிர்காலக் கடலைக் கடந்து, டிசம்பர் 28ஆம் நாள் கென்ட் பகுதியிலுள்ள சால்ட்வுட் கோட்டையில் கூடினர். அவர்கள் புறப்பட்டுவிட்டதை அறிந்த மன்னன் திடுக்கிட்டு, அவர்களைத் தடுக்க ஆட்களை விரட்டினான் என்று அக்காலத்தவர் எழுதுகிறார்கள். குதிரைகள் போயின, சொல் முந்திவிட்டது.

மறுநாள் 29ஆம் தேதி மாலை, கான்டர்பரி பேராயரின் அறையில் வாய்ப்போர் நடந்தது. பின்னர் அவர்கள் வெளியே போய்ப் படைக்கலன்களோடு திரும்பினார்கள். துறவியர் பேராயரைக் கோயிலுக்குள் இழுத்துச் சென்றனர். கதவைத் தாழிடவும் முயன்றனர். இறைவன் இல்லத்தைக் கோட்டையாக்கக் கூடாது என்று தாமஸ் தடுத்துவிட்டார். மாலைச் செப வேளையில், கோயிலின் வடபுறத்தில் அவர் வெட்டுண்டு வீழ்ந்தார். அந்நேரம் அவர் நாவும் கூர்மையாகத்தான் இருந்தது. தம்மைப் பற்றி இழுத்த ரெஜினால்டை ஓர் இழிசொல்லால் அழைத்துத் தள்ளினார் என்பதைக் கிரிம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். புனிதர்களின் வரலாற்றை எழுதுவோர் இந்த நேர்மையைக் கற்றுக்கொண்டால் நன்று.

செய்தி மன்னனை அர்ஜென்டான் நகரில் எட்டியது. மூன்று நாட்கள் அவன் அறையை விட்டு வெளிவரவில்லை, உணவும் கொள்ளவில்லை என்று லிசியூ ஆயர் அர்னுல்ஃப் பாப்பரசருக்கு எழுதினார். நம் சிறுமலர் தெரேசாள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த அதே லிசியூதான். மன்னனின் துயரம் பாதி நடிப்பு என்று ஐயுற்றவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். எனக்கு அது உண்மையென்றே தோன்றுகிறது. ஒரு காலத்தில் தன் மகனை ஒப்படைத்த நண்பர் அல்லவா?

1172ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், நார்மண்டியின் அவ்ராஞ்ச் பேராலயத்தில், பாப்பரசர் மூன்றாம் அலெக்சாண்டரின் தூதர்களான இரு கர்தினால்களின் முன்னிலையில் மன்னன் ஆணையிட்டான். பேராயரைக் கொல்லும்படி தான் கட்டளையிடவில்லை, அதை விரும்பவும் இல்லை என்று நற்செய்தி நூலைத் தொட்டுச் சொன்னான். அத்தோடு நின்றிருந்தால் இன்று நாம் அவனைப் பற்றிப் பேசவேண்டிய தேவை இராது. எல்லாரும் சொல்வதையே அவனும் சொன்னான் என்று விட்டுவிடலாம். ஆனால் அவன் மேலும் ஒன்றைச் சேர்த்தான். தன்னிடம் கண்ட சினத்தையும் கலக்கத்தையும் பார்த்தே கொலையாளிகள் அச்செயலுக்குத் துணிந்திருக்கக்கூடும் என்றும், அதற்காகத் தான் பரிகாரம் செய்யக் கடமைப்பட்டவன் என்றும் ஏற்றுக்கொண்டான்.

எத்துணை நுட்பமான பாவ அறிக்கை! நம்மில் எத்தனை பேர் ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகும்போது இந்தக் கோணத்தில் மனச்சான்றைச் சோதிக்கிறோம்? பொய் சொன்னேனா, புறங்கூறினேனா, திட்டினேனா என்று கேட்டுக்கொள்கிறோம். என் பேச்சைக் கேட்டவர் அதன்பின் என்ன செய்தார் என்று கேட்டுக்கொள்வது அரிது. அவ்ராஞ்ச் பேராலயம் இன்று இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இடிந்துபோயிற்று. மன்னன் முழந்தாளிட்ட இடத்தைக் குறிக்கும் ஒரு கல் மட்டும் அங்கே காக்கப்படுகிறது.

தாமஸ் 1173இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1174 ஜூலை 12ஆம் நாள் ஹென்றி கான்டர்பரி நகருக்குள் வெறுங்காலோடு நடந்து சென்று, கல்லறையின் முன் தலைகவிழ்ந்து, அங்கிருந்த ஆயர்களும் மடாதிபதிகளும் ஐந்து ஐந்து அடியாகவும், ஏறத்தாழ 80 துறவியர் மும்மூன்று அடியாகவும் கொடுத்த கசையடிகளை ஏற்று, இரவெல்லாம் உண்ணாது அங்கேயே கிடந்தான். விருந்து மேசையில் ஒரு நிமிடத்திற்குள் பேசி முடித்த பேச்சுக்கு மூன்றரை ஆண்டுகள் கழித்து இத்தனை.

நார்மண்டி மன்னனின் கதை நம் வீட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நம் ஊர்களில் வரப்புத் தகராறு என்று ஒன்று உண்டே, அதை எண்ணிப் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை ஒரு சாண் அளவு வெட்டி உள்ளே தள்ளிவிடுகிறான். பெரியவர் கேட்கப் போகிறார். நாலு பேர் முன்னிலையில் அவமானப்பட்டுத் திரும்புகிறார். இரவில் சோற்றில் கைவைத்தபடி, "மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்று என்ன கண்டேன்? என்னை ஒருவன் கைநீட்டிப் பேசுகிறான், கேட்பார் இல்லை" என்கிறார். அவ்வளவுதான். யாரையும் வெட்டு என்று அவர் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, திண்ணையில் படுத்து உறங்கியும் விடுவார். மறுநாள் காலையில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கவேண்டும், சர்வேயரை வைத்து அளக்கவேண்டும் என்பதுகூட அவர் மனத்தில் இருக்கலாம். ஆனால் இளைய மகன் உறங்கவில்லை. எரவாணத்தில் செருகியிருக்கும் அரிவாள் அவன் கண்ணில் படுகிறது. பின்னர் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் தந்தையின் பெயர் இராது. வழக்கு மன்றத்தில் அவர் சாட்சியாகக்கூட அழைக்கப்படாமல் போகலாம். மாதத்துக்கு ஒருமுறை சிறைவாசலில் மனுப்போட்டுக் காத்திருக்கும்போது, "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று அவர் யாரிடம் சொல்வார்?

பெரியவரின் பேச்சையும் மன்னனின் பேச்சையும் அருகருகே வைத்துப் பாருங்கள். என் சோற்றை உண்டவர்களுக்கு என்மீது பற்று இல்லை என்பதே இரண்டின் சாரமும். பகைவனைப் பற்றிய பேச்சுப்போலத் தோன்றினாலும், அது அன்பு கொண்டவர்களைக் குத்தும் பேச்சு. நம்மீது பற்றில்லாதவன் அதைக் கேட்டு எழுந்து போய்விடுவான். பற்றுள்ளவனே அதைத் தாங்கமாட்டாமல் துடிப்பான்.

அரிவாள் வரை போகாத செய்திகள்தாம் மிகுதி. மாமியார் வீட்டாரைப் பற்றித் தாய் அலுத்துக்கொள்வதைக் கேட்டு வளரும் சிறுமி, அத்தை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், "இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று தாய் மெய்யாகவே வியக்கிறாள். தலைமையாசிரியர் ஓய்வறையில் ஒரு மாணவனைப் பற்றி வெறுப்போடு ஒரு வார்த்தை விடுகிறார்; அதன்பின் எந்த ஆசிரியரும் அவன் விடைத்தாளைக் கருணையோடு பார்ப்பதில்லை. பங்கு இல்லத்துச் சாப்பாட்டு மேசையும் இதற்கு விலக்கன்று. அங்கே உதிரும் ஓர் அலுப்புச் சொல் உபதேசியாரின் வாய்வழியாகக் குருவானவரின் தீர்ப்பாகவே ஊருக்குள் போய்ச் சேரும்.

இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. பேசுபவர் பெரியவர், கேட்பவர் அவரை மறுத்துப் பேசமுடியாதவர். ஒத்த வயதுடைய நண்பனிடம் குமுறினால், "சும்மா இரப்பா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவன் நம் தோளைத் தட்டுவான். மகனோ பணியாளனோ அவ்வாறு தட்டமாட்டான். பூர் மாளிகையின் கூடத்தில் அத்தனை பேர் இருந்தும், "மன்னா, இது சினத்தில் வந்த பேச்சு, நாளைக் காலையில் பேசுவோம்" என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. ஒரு காலத்தில் அப்படிச் சொல்லும் உரிமை பெற்றிருந்த ஒருவர் தாமஸ் பெக்கெட்!

திருவள்ளுவர் நாவைப் பற்றிச் சொல்ல இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, சொல்வன்மை எனப் பல அதிகாரங்களை ஒதுக்கியது நாம் அறிந்ததே. அவையறிதல் என்று 72ஆம் அதிகாரத்தைத் தனியே வைத்ததை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. அது புலவர் மன்றத்துக்கும் அரசவைக்கும் உரியது என்று ஒதுக்கிவிடுகிறோம். தரையில் இலைபோட்டு உட்கார்ந்திருக்கும் நான்கு பேரும் ஓர் அவையே. அவர்களுள் யார் உணர்ச்சிவயப்படுபவர், யார் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் வயதினர், யார் நம்மைத் திருப்திப்படுத்த ஏங்குபவர் என்பதைத் தகப்பனுக்கும் தாய்க்கும் வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. புனித யாகப்பரும் தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாவுக்குக் குதிரையின் கடிவாளத்தையும் கப்பலின் சுக்கானையும் உவமை கூறிவிட்டு, பின்னர் காட்டையே கொளுத்தும் சிறு நெருப்புக்குப் போகிறார். முதல் இரண்டும் பிடித்திருப்பவன் கையிலேயே இருப்பவை. மூன்றாவது அப்படிப்பட்டதன்று.

அப்படியானால் சினமே கொள்ளக்கூடாதா, நெஞ்சிலுள்ளதை யாரிடம்தான் கொட்டுவது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. வாய்திறவாமல் உள்ளேயே புழுங்குகிறவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அது நோயாக முடியும். ஹென்றியின் காலத்துக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த மற்றொரு நாட்டுத் தலைவர் இதற்கு ஒரு வழி கண்டார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் பெரும் போர் நடந்தது. இரு தரப்பிலும் சேர்ந்து ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர், காயமுற்றனர் அல்லது காணாமற்போயினர். ஜெனரல் மீட் தலைமையில் வட மாநிலப் படை வென்றது. தோற்றுப் பின்வாங்கிய ஜெனரல் லீயின் படை, பொட்டோமாக் ஆற்றில் வெள்ளம் ஓடியதால் கரையிலேயே சிக்கி நின்றது. அப்போதே தாக்கினால் போர் முடிந்துவிடும் என்று குடியரசுத் தலைவர் லிங்கன் நம்பித் துடித்தார். மீட் தயங்கினார். ஜூலை 13ஆம் தேதி இரவோடு இரவாக லீ ஆற்றைக் கடந்து தப்பினார்.

லிங்கனின் ஏமாற்றத்துக்கு அளவே இல்லை. அந்த மனத்தாங்கலைத் தலைமைத் தளபதி ஹாலெக் தந்தி வழியாக மீடுக்குத் தெரிவித்தார். மீட் அன்றே, தம்மைப் பதவியிலிருந்து விடுவிக்குமாறு பதில் அனுப்பினார். பாருங்கள், இங்கேயும் மேலானவரின் மனவருத்தம் இன்னொருவர் வாய்வழியே போனதும் வினையாயிற்று! லிங்கன் அவரைச் சமாதானப்படுத்தவே காகிதத்தை எடுத்தார். கடிதம் நன்றியோடு தொடங்குகிறது. வருத்தமுறச் செய்ததற்காக வருந்துகிறது. ஆனால் எழுத எழுதப் பேனா திசைமாறிவிடுகிறது. கைக்கெட்டிய எதிரியை விட்டுவிட்டீர், போர் இனி முடிவின்றி நீளும், என் துயரத்துக்கு அளவில்லை என்ற போக்கில் குற்றச்சாட்டு அடுக்கப்படுகிறது. ஆறுதல் சொல்ல வாய்திறந்து, நடுவழியில் குத்திக்காட்டலில் இறங்கிவிடும் அனுபவம் நமக்குப் புதிதா என்ன?

எழுதி முடித்தவர் அதை அனுப்பவில்லை. உறையில் இட்டு, மீடுக்கு எழுதியது, அனுப்பப்படவும் இல்லை, கையொப்பமிடப்படவும் இல்லை என்னும் குறிப்பைத் தம் கைப்படவே எழுதிவைத்தார். அவர் மறைவுக்குப் பின் அவருடைய காகிதங்களோடு அது கிடைத்தது. மீடின் விலகலும் ஏற்கப்படவில்லை. 1865இல் போர் முடியும்வரை அந்தப் படைக்கு அவரே தலைவராக இருந்தார். லிங்கன் சினத்தை விழுங்கிவிடவில்லை. முழுவதும் கொட்டித் தீர்த்தார், ஆனால் கேட்பதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில். இன்று கைபேசியை வாயருகே வைத்துப் பேசிவிட்டு விரலை எடுத்தாலே குரற்பதிவு உறவினர் முப்பது பேருக்கும் போய்ச் சேர்கிறது. உறையும் இல்லை, அஞ்சல்தலை ஒட்டும் நேரமும் இல்லை. நமக்கு லிங்கனின் மேசை இழுப்பறை முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எல்லாரும் கடிதம் எழுதிப் பூட்டிவைக்க முடியாதுதான். நம் பாட்டிமார்கள் கோயிலின் பின்வரிசையில் அமர்ந்து பீடத்தைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு எழுந்து வருவார்களே, அதுவும் அத்தகைய இழுப்பறைதான். மறுத்துப் பேசும் துணிவுள்ள ஒரு நண்பர், ஒரு தமக்கை, ஒரு குருவானவர் இருந்தால் அவரிடமே முதலில் சொல்லலாம். கணவன் மனைவிக்குள் இதற்கென ஓர் ஒப்பந்தம் இருக்கட்டும்: பிள்ளைகள் படுத்து உறங்கும்வரை பக்கத்து வீட்டுக்காரன் பேச்சு வேண்டாம் என்று.

சொல் ஏற்கெனவே வெளிவந்துவிட்டால்? ஹென்றி ஆள் அனுப்பினான். செய்தது சரியே, ஆனால் தானே எழுந்து அந்தக் கூடத்தில் நின்று, அதே குரலில், அதே மனிதர்கள் கேட்க, நான் சொன்னது தவறு, யாரும் அசையவேண்டாம் என்று உடனே கூறியிருந்தால் நால்வரும் நழுவ வழி இருந்திராது. பெரியவர்களுக்குக் கடினமான வேலை அது. பிள்ளைகள் முன் இறங்கிப் போவதா என்று தோன்றும். ஆயினும் வரப்புத் தகராறு நடந்த அன்றிரவு, படுக்கப் போகுமுன் தந்தை இளைய மகனைப் பெயர் சொல்லி அழைத்து, "சாப்பிடும்போது ஏதோ வேகத்தில் பேசிவிட்டேன் தம்பி. நாளைக்குக் காலையில் நீயும் என்னோடு வா, சர்வேயரைப் பார்த்து மனுக் கொடுப்போம்; பத்திரத்தை எடுத்து வைத்துவிடு" என்று சொன்னால், அவன் பெட்டியைத் திறந்து பத்திரத்தைத் தேடத் தொடங்கிவிடுவான்.